உறுதி செய்யப்பட்ட பிறகு

உப்புமேடு,
மாமல்லபுரம் வழி.
20 ஜூன் 2024

அன்புத் தங்கை ஷஹர்பானுவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் மருமகன் முபஷ்ஷிரும் நலமாக இருக்க அல்லாஹ் கிருபை செய்வானாக. இங்கே நான், உன் அண்ணி சபுரா, மகள் ஆயத் மூவரும் நலம். பெருநாளைக்கு நீங்கள் வராதது அண்ணிக்குத்தான் பெரிய குறை. உனக்கென்று எடுத்து வைத்திருந்த கறியைக் கடைசியில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள், அதையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேண்ணே" என்கிறாய். தப்பில்லை. தில்லியில் மத்திய அரசு உத்தியோகம், அதுவும் பேரிடர்த் துறையில். ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியது அவசரத்தில் சொல்கிற விஷயம் இல்லை. நீயும் ஆற அமரப் படித்துவிட்டு எழுது.

ஊருக்குத் தெற்கே உள்ள இறால் கம்பெனி உனக்கு நினைவிருக்கும். நீ கல்யாணமாகிப் போனபோது வெறும் தகர ஷெட். இப்போது பெரிய குளிர்பதனக் கிடங்காக வளர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்து மதிலும் கம்பெனி மதிலும் ஒன்றே என்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். இறாலை உறைய வைக்க அமோனியா வைத்திருக்கிறார்கள். எவ்வளவு என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது என் மருந்துக்கடை மட்டும்தான். கொஞ்ச நாளாக இறால் உரிக்கப் போகும் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கண் சொட்டு மருந்து கேட்கிறார்கள். நேற்று அம்சா வந்தாள். மீன் வண்டி ஓட்டும் தனகோடியின் மனைவி. "பாய், கண்ணு எரியுது, மூக்குல மொளகாத்தூள் போட்ட மாரி கீது" என்றாள். கம்பெனியில் சொன்னாயா என்று கேட்டேன். "சொன்னோம் பாய். கொஞ்சமா கேஸு கசியுதாம், போகப் போகப் பயகிடும்ன்றாரு சூப்பர்வைசரு" என்று சிரித்தாள். கண் சிவந்திருக்க அவள் சிரித்தது எனக்கு என்னவோ போலிருந்தது.

இந்தக் கரையில் ஆபத்து என்றாலே எல்லோரும் கல்பாக்கம் அணு உலைப் பக்கம்தான் பார்ப்போம். அங்கே திட்டம் உண்டு, ஒத்திகை உண்டு, கேட்டால் பதில் சொல்ல ஆள் உண்டு. அப்படித் தூரத்திலேயே பார்த்துப் பழகி, பக்கத்து மதிலை மறந்துவிட்டோம். இப்படி ஒன்றுக்கு அரசாங்கம் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது? குழாய் எதுவும் உடைந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? உனக்குத் தெரியாமல் இருக்காது. விவரமாக எழுது.

உன் அண்ணன்,
அப்துல் கையூம்

---

புது தில்லி.
2 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் ஆபீஸ் என்பதையும் மறந்து அங்கேயே பிரித்துவிட்டேன். அண்ணியிடம் சொல்லுங்கள், அந்தக் கறிக்கு அடுத்த பெருநாளில் வட்டியோடு வந்து சாப்பிடுகிறேன் என்று.

பயப்பட வேண்டாம் அண்ணே. இந்த நாட்டில் ஒரு நகரம் விஷவாயுவில் தூக்கத்திலேயே செத்த பிறகு எழுதிய சட்டங்கள் இவை. அந்தக் கதையைக் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். கம்பெனிக்குள் ஒரு திட்டம் இருக்க வேண்டும், வெளியே ஊருக்காக மாவட்டத்தில் ஒரு திட்டம். அதற்கு மேல் மாநிலம், அதற்கும் மேல் நாங்கள். ரசாயன விபத்துக்கான வழிகாட்டியின் புதிய பதிப்பை என் பிரிவில்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு வரியையும் உப்புமேட்டை நினைத்துக்கொண்டே திருத்துகிறேன் என்றால் நம்புவீர்களா?

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அமோனியா குளிர்ந்த வெண்புகை மாதிரி முதலில் தரையை ஒட்டி வரும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். காற்று போகும் திசையிலேயே ஓடக் கூடாது, குறுக்காக விலகிப் போக வேண்டும். கல் வீடு என்றால் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருப்பது நல்லது. சைரன் ஒலித்ததும் அதிகாரிகள் சொல்லும் இடத்துக்கு வர வேண்டும்.

உங்கள் பக்கத்துக் கிடங்குகளில் ஒத்திகை நடத்தச் சொல்லி இங்கிருந்து கடிதம் போயிருக்கிறது. நீங்களும் போய்ப் பாருங்கள். ஆயத்துக்கு முத்தம்.

உங்கள் தங்கை,
பானு

---

உப்புமேடு.
14 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கை பானுவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவரும் நலம். உன் ஒத்திகை நடந்தது. நீ போய்ப் பார்க்கச் சொல்லியிருந்ததால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன், கோபப்படாதே.

காலையில் ஜீப்புகள், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், இரண்டு பஸ். ஊரே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. சைரனுக்கு ஏதோ கோளாறு, அதனால் ஒரு போலீஸ்காரர் விசில் ஊதினார். தெற்கிலிருந்து நல்ல காற்று, என் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் அவர்கள் தாளில் காற்று கிழக்கேயிருந்து அடித்தது. கம்பெனியில் கம்ப்ரசர் ஓட்டும் ஜோஷ்வா மெதுவாக, "சார், காத்து தெக்கேந்து வருது" என்றார். வந்திருந்த அதிகாரி சிரித்தபடியே, "இருக்கட்டும்பா, இன்னிக்கு ஒத்திகைக்குக் கெழக்குக் காத்துதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஜனங்கள் கூட வேண்டிய இடம் எது தெரியுமா? பள்ளிக்கூட மைதானம். கம்பெனி மதிலுக்கு இந்தப் பக்கம். விசில் ஊதியதும் ஊரையே கம்பெனியை நோக்கி நடத்திக் கொண்டுபோனார்கள். ஆயத்துக்கு மயங்கி விழுந்தவள் வேடம். என் மகள் கண்ணை மூடிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் போனதைப் பார்க்க அண்ணியால் முடியவில்லை, வீட்டுக்குப் போய்விட்டாள். கடைசியில் போட்டோ, எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலம். மறுநாள் பேப்பரில் ஒத்திகை வெற்றி என்று போட்டிருந்தது.

மாலையில் ஜோஷ்வா கடைக்கு வந்தார். இருமல் மருந்து வாங்க வந்தவர் போகாமல் நின்றுகொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "மெயின் வால்வு துருப்பிடிச்சி கீது பாய். மாத்துங்கன்னு சொல்லிட்டேன். சீசன் முடியட்டும்ன்றாங்க. நீங்க ஜமாஅத்துல பெரிய ஆளு, யார்கிட்டயாவது சொல்லுங்க. என் பேரு வேணாம்."

நான் யாரிடம் சொல்வது? உன்னிடம் சொல்கிறேன்.

உன் அண்ணன்,
அப்துல் கையூம்

---

உப்புமேடு.
3 அக்டோபர் 2024

பானு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் போன் போலீஸிடம் இருக்கிறது. அதனால்தான் நீ கூப்பிட்டும் எடுக்க முடியவில்லை. அண்ணியின் போனில் பேசலாம் என்றால், பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. ஜாமீனில் வந்துவிட்டேன், கவலைப்படாதே.

போன மாதம் ஒரு நாள் மாலை அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தால் கண்ணைக் கரிக்கிறது. தெருவில் நின்ற எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அம்சா ஷிஃப்டை விட்டுவிட்டு முந்தானையால் முகத்தைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "பாய், உள்ள நிக்க முடில, பொகையா கீது, எல்லாம் வெளில ஓடியாறாங்கோ!" கம்பெனி போனை யாரும் எடுக்கவில்லை. சைரன் இல்லை. நான் திரும்பி உள்ளே போய் மைக்கைப் போட்டேன். வாயு கசிகிறது, ஈரத்துணியால் மூக்கை மூடுங்கள், மேற்கே பாலத்தைத் தாண்டி ரோட்டுக்குப் போங்கள் என்றேன். நீ எழுதியதைத்தான் சொன்னேன். காற்றுக்குக் குறுக்கே.

உப்பங்கழி மேல் இருக்கிற பாலம் எவ்வளவு குறுகல் என்று உனக்குத் தெரியும். ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் அதன்மேல் ஏறியது. ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர் போய்விட்டது. விழுந்தவர்களையெல்லாம் இழுத்துப் போட்டுவிட்டார்கள், தனகோடியைத் தவிர. அம்சாவின் புருஷன். அவனுக்கு நீச்சல் தெரியும். யாரோ அவன்மேல் விழுந்திருக்கிறார்கள்.

அதிகாரிகள் கருவியோடு வந்தபோது காற்றில் ஒன்றுமே இல்லை. கம்ப்ரசரில் எண்ணெய் மாற்றும்போது கொஞ்சம் வெளியேறியதாம், அளவுக்குள்தான் இருந்ததாம். ஆக, விபத்தே நடக்கவில்லை. நடந்தது நான் சொன்னது மட்டும்தான். பேரிடர் பற்றிப் பொய்யான எச்சரிக்கை கொடுத்துப் பீதி கிளப்பினேன் என்று வழக்கு. உங்கள் சட்டத்திலேயே அப்படி ஒரு பிரிவு இருக்கிறதாமே பானு. நீ எனக்குச் சொல்லவில்லை.

இரவு பாலத்தைப் பார்க்கப் போனேன். ஒற்றை ஒற்றையாகச் செருப்புகள் கிடந்தன. ஜோடி சேர்த்து வைக்கலாம் என்று குனிந்தேன், முடியவில்லை.

அம்சா வீட்டுக்குப் போனேன். அவள் கத்தவில்லை. "ஏன் பாய் சொன்னீங்க?" என்றாள். அவ்வளவுதான். "நீங்க சொல்லாம இருந்தா அந்தாளு வூட்லயே தூங்கிகினு இருந்திருப்பாரு."

உன் அண்ணன்,
கையூம்

---

புது தில்லி.
14 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை முபஷ்ஷிர் தூங்கிய பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் படித்தேன். நீங்கள் செய்ததில் தப்பில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். வால்வு பற்றி நீங்கள் எழுதியதை யார் பெயரும் இல்லாமல் மேலே அனுப்பினேன், இன்னும் பதில் வரவில்லை.

மாப்பிள்ளை சென்னையில் ஒரு வக்கீலிடம் பேசியிருக்கிறார். நல்லவர், உங்களை வந்து பார்ப்பார். ஜாமீனில் என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்களோ அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடியுங்கள். மைக் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. உப்புமேட்டுச் சம்பவம் பற்றி எங்கள் அலுவலகத்துக்கும் ஒரு குறிப்பு வந்திருக்கிறது. அதில் 'மசூதி ஒலிபெருக்கி மூலம்' என்கிற வார்த்தைக்குக் கீழே யாரோ கோடு போட்டிருக்கிறார்கள். நம் பெயர்களோடு சேர்த்துப் படித்தால் அது வேறு கதையாகிவிடும் அண்ணே. நீங்கள் என் கூடப்பிறந்தவர் என்று இங்கே யாருக்கும் தெரியாது. உங்களுக்கு உதவ வேண்டுமானால் அது தெரியாமல் இருப்பதே நல்லது. யார் கேட்டாலும் தங்கை தில்லியில் ஏதோ ஆபீஸில் இருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள்.

அண்ணியின் கையை நான் பிடித்துக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

பானு

---

உப்புமேடு.
20 டிசம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மழை விட்டுவிட்டது. அண்ணிக்குச் சளி, மற்றபடி நலம். கடைக்கு ஜனங்கள் வருகிறார்கள், மருந்தை வாங்கிக்கொண்டு பேசாமல் போகிறார்கள். சில பேர் திருக்கழுக்குன்றம் வரை போய் வாங்கி வருகிறார்கள்.

போன வாரம் மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஊர்ப் பிரதிநிதிகளுக்குப் பயிற்சி வைத்தார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். திருத்தப்பட வேண்டியவன் என்று நினைத்திருப்பார்கள். ஸ்வாதி என்று ஒரு பெண், சின்ன வயசு, அருமையாகப் பேசியது. திரையில் படம் போட்டுக் காட்டியது. ஒரு படத்துக்குத் தலைப்பு, 'வதந்தி கொன்றது: ஒரு கடலோரக் கிராமத்தின் பாடம்'. ஊர்ப் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை. "பொறுப்பற்ற ஒரு தனிநபரின் அறிவிப்பு" என்று இருந்தது. அதற்குக் கீழே, "பாலத்தின் மேல் ஒற்றை ஒற்றையாகச் செருப்புகள் கிடந்தன" என்று இருந்தது.

மண்டபத்தில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் செருப்புகளைப் பற்றி நான் வாய்விட்டு ஒருவரிடமும் சொன்னதில்லை பானு. சபுராவிடம்கூட இல்லை. உனக்கு மட்டும்தான் எழுதினேன்.

இடைவேளையில் அந்தப் பெண்ணிடம், இது யார் எழுதியதம்மா என்று கேட்டேன். "தில்லிலேந்து வந்துது சார். ரொம்ப டச்சிங்கா இருக்குல்ல?" என்றது. ஆமாம் என்றேன்.

உன் அண்ணன்,
அப்துல் கையூம்

---

புது தில்லி.
5 ஜனவரி 2025

அண்ணே,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பல தாள்களைக் கசக்கிவிட்டேன்.

அந்தப் பாடம் என் மேஜைக்கு வந்தது. வேண்டாமென்றால் ஏன் என்று கேட்பார்கள். நான் எழுதாவிட்டால் அடுத்த மேஜையில் இருப்பவர் உங்கள் பெயரோடும் பள்ளிவாசலின் படத்தோடும் எழுதியிருப்பார். நான் பெயரை எடுத்தேன், ஊரை எடுத்தேன், மசூதி என்ற சொல்லை எடுத்தேன். கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன்: ஊரில் ஒருவர் எச்சரிக்கை கொடுத்தால் உடனே ஆள் அனுப்பிப் பார்த்து அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்று. அந்தப் பத்தியை மேலதிகாரிகள் நீக்கிவிட்டார்கள். 'பொறுப்பற்ற' என்ற சொல் என்னுடையது இல்லை. செருப்பு என்னுடையதுதான். அந்த வரி வந்தால் படிக்கிறவர்கள் மனசு இளகும் என்று நினைத்தேன்.

உங்களைக் காப்பாற்றத்தான் செய்தேன். இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு யாரும் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இன்னொரு வழக்கு வந்தால் உங்களை யாராலும் வெளியே எடுக்க முடியாது. அடுத்த முறை எது நடந்தாலும் முதலில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் உறுதி செய்யும்வரை வாயைத் திறக்காதீர்கள். அல்லாஹ்வுக்காக எனக்கு வாக்குக் கொடுங்கள்.

பானு

---

உப்புமேடு.
18 ஜனவரி 2025

பானு,

சரி. வாக்குக் கொடுத்தேன்.

கையூம்

---

உப்புமேடு.
2 மே 2025

பானு,

அஸ்ஸலாமு அலைக்கும். டிவியில் பார்த்திருப்பாய். அண்ணியின் போனுக்கு நீ ஓயாமல் கூப்பிட்டது தெரியும். இப்போதுதான் எழுத உட்கார்கிறேன். எழுத்து கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அன்று காலை கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தேன். தெற்குக் காற்று. முதலில் ஒரு காக்கைக் கூட்டம் கலைந்து வடக்கே போனது. பிறகு வாடை. முன்பு வந்த மாதிரி இல்லை, மூச்சை உள்ளே இழுத்தால் தொண்டையில் கத்தி வைத்த மாதிரி இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அதில் சந்தேகமே இல்லை. பின்னால் யாரும் எனக்குச் சந்தேகம் இருந்தது என்று சொல்லிவிடக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

கடைக்கென்று வாங்கி வைத்திருந்த போனில் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். பெயர், ஊர் கேட்டார்கள். பெயரைச் சொன்னதும், "நீங்கதானா? இருங்க, கம்பெனில விசாரிச்சுட்டுக் கூப்பிடறோம். உறுதி செய்யாம யார்கிட்டயும் பேச வேணாம்" என்றார்கள்.

நான் காத்திருந்தேன் பானு. கடை வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எதிரே பள்ளிவாசல் கதவு திறந்திருந்தது. ரோட்டைத் தாண்டினால் மைக். என் கால் போகவில்லை. பாலமும் தனகோடியும் கண்ணுக்குள் நின்றார்கள். நீயும் நின்றாய்.

பிறகு ஆயத் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். பிள்ளைகள் பிரேயருக்கு வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள், சிலர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். ஆயத்தின் கையைப் பிடித்து இழுத்தேன். டீச்சர், "இன்னா பாய், எதுனா பிரச்சினையா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்ணுமில்ல டீச்சர், வூட்ல ஒரு வேலை" என்றேன். அந்த வரிசையில் நின்ற பிள்ளைகளெல்லாம் என் கடையில் மிட்டாய் வாங்குகிறவர்கள். ஆயத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்து சபுராவையும் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் பாலத்தைத் தாண்டும்போது பின்னால் வெடித்த மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கம்பெனி மதிலைத் தாண்டி வெள்ளையாக, மெதுவாக, பால் பொங்கி வழிகிற மாதிரி பள்ளிக்கூடத்துக்குள் இறங்கியது. அவ்வளவு மெதுவாக வரும் என்று நான் நினைத்ததில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடந்தே தப்பித்திருப்பார்கள்.

நாங்கள் ரோட்டுக்கு வந்து, எல்லோரும் அலறி ஓடி வந்து, விழுந்தவர்களைத் தூக்கிப் போட்டு ஆம்புலன்ஸ் போக ஆரம்பித்த பிறகு போன் வந்தது. "உறுதி செய்யப்பட்டது. ஜனங்களுக்குச் சொல்லலாம்" என்றார்கள். அதற்குப் பின்னால் சைரனும் ஊதியது. இந்தத் தடவை நன்றாகவே ஊதியது.

ஜோஷ்வா போய்விட்டார். வால்வை மூடக் கடைசிவரை உள்ளே நின்றிருக்கிறார். கம்பெனி விடுதியில் தங்கியிருந்த வெளிமாநிலப் பெண்கள், அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது, படுத்த பாயிலேயே. டீச்சர் பிள்ளைகளை வகுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியதால் பலர் பிழைத்தார்கள். அப்படியும் இரண்டு பிள்ளைகளை அடக்கம் செய்தோம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

அம்சாவைப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் கட்டு. என் குரலைக் கேட்டதும் கையை நீட்டித் தடவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் பாய் சொல்லல?" என்றாள்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் பானு. இனி என்னிடம் எதையும் கேட்காதே.

கையூம்

---

புது தில்லி.
6 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். விசாரணைக் குழுவோடு நான் வந்தபோது, அந்த ஒரு மணி நேரம் நீங்கள் என்னோடு வெயிலைப் பற்றி மட்டும் பேசினீர்கள். அண்ணி டீயை என் கையில் தராமல் ஸ்டூலில் வைத்தார்கள். ஆயத் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்க திரும்பவும் வருமா அத்தை?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

அறிக்கையில் நான் ஒரு வாக்கியம் எழுதினேன்: முந்தைய எச்சரிக்கைக்காக வழக்குப் போடப்பட்டதால் உள்ளூரில் அறிந்தவர் இம்முறை எச்சரிக்கவில்லை என்று. நான்கு முறை சேர்த்தேன், நான்கு முறையும் அடித்துவிட்டார்கள். விபத்துக்கு இறந்துபோன ஆபரேட்டரின் கவனக்குறைவே காரணம் என்று முடித்தார்கள். அந்த வாக்கியம் இல்லாத அறிக்கையில் நானும் கையெழுத்துப் போட்டேன். முபஷ்ஷிரின் படிப்பு, வீட்டு வாடகை என்று காரணம் அடுக்க மாட்டேன். போட்டேன், அவ்வளவுதான்.

இதை நான் உங்களுக்கு எழுதக் கூடாது. ஆனாலும் எழுதுகிறேன். கம்பெனியை ஆகஸ்ட் மாதம் திறக்க அனுமதி தயாராகிவிட்டது. முன்பைவிட இரு மடங்கு அமோனியா வைத்துக்கொள்ளலாம். பழைய குழாய்களையே பழுது பார்த்துப் பயன்படுத்துகிறார்கள், நான் என் கண்ணால் பார்த்தேன். கூடும் இடம் இன்னும் அதே பள்ளிக்கூட மைதானம். ஊருக்கு இதெல்லாம் திறந்த பிறகுதான் தெரியும்.

உங்கள் மூவருக்கும் இந்த மாதக் கடைசியில் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். எங்கள் தெருப் பள்ளியில் ஆயத்துக்கு இடம் கேட்டு வைத்திருக்கிறேன். கடையை யாரிடமாவது விட்டுவிட்டு வந்துவிடுங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள் அண்ணே. படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

என்றும் உங்கள்,
பானு

---

உப்புமேடு.
19 ஜூலை 2025

அன்புத் தங்கை ஷஹர்பானுவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்தது. டிக்கெட்டை ரத்து செய்துவிடு. சபுரா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை, துணிகளைக்கூட மடித்துப் பையில் வைத்தாள். அன்று சாயங்காலம் கண் கட்டுப் பிரித்த அம்சா சுவரைப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவில் நடந்து போனதைப் பார்த்தாள். அப்புறம் துணிகளை எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டாள். எங்கள் மகளை மட்டும் வரிசையிலிருந்து இழுத்துக்கொண்டு வருவது இன்னொரு தடவை என்னால் ஆகாது.

நேற்று ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எழுந்து நின்றேன். ஊருக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று இமாமிடம் கேட்டேன். அவருக்கு வழக்கெல்லாம் தெரியும். மைக்கை என் பக்கம் திருப்பி வைத்தார். உன் கடிதத்தைப் பிரித்து, ஆகஸ்ட் மாதம், இரு மடங்கு, பழைய குழாய், பள்ளிக்கூட மைதானம், எல்லாவற்றையும் நீ எழுதியபடியே படித்தேன். ஊரில் யாரும் ஓடவில்லை. வெளியே தெருவில் பெண்கள் நின்று கேட்டார்கள். முடித்ததும் அம்சா, "இன்னொரு தபா படிங்க பாய், அல்லாரும் கேக்கட்டும்" என்றாள். இரண்டாவது முறையும் படித்தேன். சாயங்காலத்திலிருந்து ஊர் ஜனங்கள் கம்பெனி கேட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். டீச்சரும் இருக்கிறார்.

இதை எழுதும்போது வாசலில் ஜீப் நிற்கிறது. வந்தவர் நல்ல மாதிரி, "எழுதி முடிச்சிட்டு வாங்க பாய்" என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சபுரா அவருக்கு டீ கொடுத்திருக்கிறாள்.

பானு, உன் பெயரையும் உன் பதவியையும் சேர்த்தே படித்தேன். உன் வேலை போகலாம், அதைவிடப் பெரிதாகவும் வரலாம். நீ இனி என்னிடம் பேசாமல் போனாலும் நான் குறை சொல்ல மாட்டேன். பெயரை மறைத்துப் படித்திருந்தால், வதந்தி என்று சொல்லிவிடுவார்கள்.

உன் அண்ணன்,
அப்துல் கையூம்